சீனிக் கயிறு

ஜெர்மனி
4 பெப்ரவரி 2024

அன்புள்ள தனுஜா மதினிக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டியும் வந்திருக்கும். வெளிநாட்டுச் சொக்லேட் என்று நினைத்து ஜெயந்தினி ஆசையாகத் திறந்திருப்பாள். உள்ளே கையுறையும் மூடி போட்ட சின்னக் குழாய்களும் வெள்ளைப் பருத்திக் கயிறும் இருப்பதைப் பார்த்து என்னைத் திட்டியிருப்பாள். அத்தை மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்லுங்கள்.

அண்ணன் இறந்து பதினாறு மாதம் ஆகிறது. இதற்குள் நான் எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று உங்கள் போனுக்குத் தெரியும். இரண்டு முறை ஜெயந்தினி எடுத்து, "அம்மா மலைக்குப் போயிருக்காங்க அத்தை" என்றாள். இருட்டிய பிறகு எந்த மலையில் கொழுந்து எடுக்கிறீர்கள் மதினி? சரி, கோபம் இருக்கும். சாவுக்கு நான் வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை என்று அப்போதே சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது.

இப்போது ஒரு உதவிக்காக எழுதுகிறேன். பழைய எலும்பிலும் பல்லிலும் காசநோயின் சுவட்டைத் தேடுவதுதான் என் வேலை என்று உங்களுக்குத் தெரியும். இப்போது உயிரோடு இருக்கும் மனிதர்களிடமும் குரங்குகளிடமும் சேர்த்துத் தேடுகிறோம். மனிதரிடமிருந்து குரங்குக்கு இந்த நோய் எப்போது போனது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இறம்பொடைக் கோயிலடியில் என் கூட்டாளி சிவசாமி குரங்குகளின் எச்சில் மாதிரிகளைச் சேர்க்கிறான், கண்டி கம்பஸில் இருப்பவன். தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஆள் இல்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் வரும் குரங்குகளை உங்களை விட யாருக்குத் தெரியும்?

செய்ய வேண்டியது இதுதான். கயிற்றை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, சீனிப்பாகில் ஊற வைத்து, குரங்கு வரும் இடத்தில் போடுங்கள். அது சப்பி மென்று, இனிப்புத் தீர்ந்ததும் துப்பிவிடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அதை எடுத்துக் குழாயில் போட்டு மூடுங்கள். குழாயில் இருக்கும் தண்ணீர் கிருமியைக் கொன்றுவிட்டு அதன் சுவட்டை மட்டும் வைத்துக்கொள்ளும், பயம் வேண்டாம். கூட இருக்கும் கொப்பியில் எண், தேதி, இடம், ஆணா பெண்ணா, குறிப்பு என்று கோடு போட்டிருக்கிறேன். குழாயிலும் அதே எண்ணை எழுதுங்கள்.

முடியாது என்றால் முடியாது என்றாவது எழுதுங்கள்.

நாத்தனார்,
நிலக்ஷி


மேற்பிரிவு, 7ஆம் லயம்
கொட்டகலை
3 மார்ச் 2024

நிலக்ஷி அவர்களுக்கு,

கடிதமும் பெட்டியும் கிடைத்தன. ஜெயந்தினி கையுறையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க டாக்டர் வேலை பார்த்தாள். பதினேழு வயது ஆகியும் விளையாட்டுப் புத்தி போகவில்லை.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நம் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது என்பது அங்கே போனதும் மறந்துவிட்டதா? பக்கத்துக் காம்பராவில் வேலாயி அக்கா வெங்காயம் வெட்டினால் எனக்குக் கேட்கும். இந்தத் தொங்கல் ஓரத்துக் காம்பராவில் நான் போனில் பேசினால் அந்தக் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கும். உங்கள் அண்ணனைக் கொண்டுபோன நோயின் பேரைச் சொல்லாமல் உங்களோடு நான் எதைப் பேசுவது? கொட்டகலையில் மழையா வெயிலா என்றா?

அவர் போன மறுவாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர்தான். இஸ்தோப்புத் திண்ணையில் நின்று, வீட்டில் யார் யாருக்கு இருமல் என்று சிங்களத்தில் கேட்டார், கொஞ்சம் சத்தமாக. அவ்வளவு போதும். மறுநாள் நான் தண்ணீர் பிடிக்கப் பீலியடியில் குடத்தை வைத்ததும் மற்றக் குடங்கள் எல்லாம் தள்ளிப் போய்விட்டன. பள்ளிக்கூடத்தில் ஜெயந்தினி ஒரு தவணை முழுக்கத் தனி மேசையில் இருந்தாள். கோயில் பொங்கலுக்கு நாங்கள் கொடுத்த தட்டு, துணி கூட விலக்காமல் திரும்பி வந்தது. இது எதுவும் உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. கடைசியாக அவரோடு நீங்கள் பேசினீர்களே, நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எந்த நாட்டிலோ எண்ணூறு வருஷத்துக்கு முன் செத்தவனின் முதுகெலும்பு கிடைத்தது, அதில் காசநோய் இருந்தது என்று அரை மணி நேரம் சொன்னீர்கள். அந்த அரை மணி நேரமும் அவர் இருமினார். நீங்கள், "பீடியை நிப்பாட்டுண்ணே" என்றீர்கள். பிறகு மறுபடியும் முதுகெலும்புக் கதைக்குப் போய்விட்டீர்கள். எண்ணூறு வருஷத்து இருமல் கேட்கிற காதுக்கு, கூடப் பிறந்தவன் இருமல் எப்படிக் கேட்காமல் போனது?

எழுதிவிட்டேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

குரங்கு வேலையைச் செய்கிறேன். உங்களுக்காக இல்லை. குரங்குகள் எங்களைப் பார்த்தால் இன்னும் ஓடிப் போகாமல் இருக்கின்றன, அதற்காக.

தனுஜா


29 மார்ச் 2024

அன்புள்ள மதினிக்கு,

"அவர்கள்" என்று எழுதியிருந்தீர்கள். பேசாமல் அடித்திருக்கலாம்.

இருமல் கேட்டது. அது தினமும் கேட்கிற அண்ணனின் இருமல் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன், அதை அண்ணனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? இங்கே என் வேலையைப் பற்றி என்னோடு தமிழில் பேச ஆள் கிடையாது. அந்த அரை மணி நேரத்தை நான் எத்தனை தடவை திரும்பக் கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. நானும் ஒன்று கேட்க நினைத்திருந்தேன். ஒரே காம்பராவில் இருந்த நீங்கள் ஏன் அவரை இழுத்துக்கொண்டு போகவில்லை என்று. அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனால் நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

வேறு ஒன்று சொல்கிறேன். இங்கே ஒரு பழைய அருங்காட்சியகத்தின் நிலவறையில் மரப்பெட்டி மரப்பெட்டியாகக் குரங்கு எலும்புகள் இருக்கின்றன. போன வாரம் ஒரு பெட்டியைத் திறந்தேன். உள்ளே நம் ஊர்ச் செங்குரங்கு. சீட்டில் "சிலோன், மலைநாடு, 1893, பெண்" என்று எழுதியிருந்தது. யாரோ துரை கப்பலில் கொண்டுவந்திருக்கிறார். மிருகக்காட்சிச்சாலையில் மூன்று குளிர்காலம் உயிரோடு இருந்திருக்கிறது. முதுகெலும்பில் மூன்று கண்ணிகள் கரைந்து ஒட்டிப்போய், உடம்பு முன்னால் மடங்கியிருக்கிறது. காசநோய்தான். ஊரிலிருந்தே கொண்டுவந்ததா, இங்கே வந்து வாங்கியதா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

அந்தப் பெட்டியை மூடிவிட்டு வெளியே வந்தேன். ஐந்து மணிக்கே இருட்டியது போல மேகம் மூடியிருந்தது. டிராமில் என் பக்கத்து ஆசனம் கடைசி வரைக்கும் காலியாகவே வந்தது. எனக்கு அழுகை வந்தது மதினி. எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஜெயந்தினி உயர்தரப் பரீட்சைக்கு என்ன பாடம் எடுக்கிறாள்? எழுதச் சொல்லுங்கள்.

நிலக்ஷி


மேற்பிரிவு, கொட்டகலை
30 ஏப்ரல் 2024

நிலக்ஷிக்கு,

பதினைந்து குழாய் நிறைந்துவிட்டது. சிவசாமித் தம்பி நாளை வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார்.

உங்கள் படிப்பில் சொல்லிக்கொடுக்காத சில விஷயங்களை எழுதுகிறேன். குரங்குக்கு வெறும் சீனிப்பாகு பிடிக்கவில்லை. முதல் நாள் கயிற்றை மோந்து பார்த்துவிட்டு என் தலையைக் குறிபார்த்து எறிந்தது. கொஞ்சம் ஏலக்காய் தட்டிப் போட்ட பிறகுதான் மென்றது. கடுவன் ஒன்று இருக்கிறது, காது கிழிந்தது. அது எல்லோருடைய கயிற்றையும் பறித்துத் தானே மெல்லுகிறது. நம் கங்காணி இராமையாவின் பெயரை அதற்கு வைத்திருக்கிறோம், வெளியே சொல்லிவிடாதீர்கள். ஒன்பதாம் குழாயில் எறும்பும் இருக்கும். எடுக்க முடியவில்லை.

காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகும் முன் கயிற்றைப் போட்டுவிட்டு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்க வரும்போது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருவேன். பணிய இறங்குவது சுலபம், திரும்ப ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது. மழை விடவில்லை. லேசாகச் சளி, வேறொன்றும் இல்லை. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் ஜெயந்தினியைத் தவிர என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பாத கூட்டம் இது ஒன்றுதான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன், வழியில் நனைந்துவிட்டால் வேண்டுமே.

12. ஏப்ரல் 21. தேயிலைக்குக் கீழே ஓடைக்கரை. கடுவன். காது கிழிந்தது.
13. ஏப்ரல் 22. அதே இடம். பெண். வயிற்றில் குட்டி தொங்குகிறது.
14. ஏப்ரல் 28. 7ஆம் லயம், தொங்கல் காம்பராவுக்கு முன். பெண். நடுவயது. மெலிவு. கூட்டத்தை விட்டுத் தனியாக இருக்கிறது.
15. ஏப்ரல் 28. அதே இடம். பெண். இளசு. 14ஐ விட்டுப் பிரிவதில்லை.

அந்தப் பெட்டிக் குரங்கைப் பற்றி வாசித்தபோது சங்கடமாக இருந்தது. மூன்று வருஷமும் தனியாகவா வைத்திருந்தார்கள்? ஜோடி இல்லையா?

ஜெயந்தினி உயிரியல் எடுக்கிறாள். அத்தை மாதிரி வர வேண்டுமாம்.

தனுஜா


2 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

குழாய்கள் இன்னும் கண்டியில்தான் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் குறைகிறதாம். சிவசாமி அலைகிறான். ஏலக்காய் விஷயத்தை எங்கள் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கங்காணி பெயரைச் சொல்லவில்லை.

அந்தக் குரங்குக்கு ஜோடி இருந்ததாகச் சீட்டில் இல்லை.

உங்கள் சளி விட்டதா?

நிலக்ஷி


மேற்பிரிவு
20 ஜூன் 2024

நிலக்ஷிக்கு,

குழாய்கள் உங்கள் கைக்கு வந்துவிட்டதாகச் சிவசாமித் தம்பி சொன்னார். வரிசைப்படிதான் பார்ப்பீர்களா? 14ஐயும் 15ஐயும் முதலில் பார்க்க முடியுமா? அவசரம் ஒன்றும் இல்லை. அந்தப் பொட்டைக் குரங்கு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருகிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது, அதுதான் கேட்டேன்.

அது போனால் போகட்டும். குட்டிக்கும் வந்திருக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

தனுஜா


19 ஜூலை 2024

மதினி,

இதைக் கையால் எழுதி, படம் பிடித்து, சிவசாமிக்கு அனுப்புகிறேன். அவன் அச்சடித்து உறையில் போட்டு நாளைக் காலைப் பஸ்ஸில் கொண்டுவந்து உங்கள் கையில் தருவான். அவன் வாசித்திருப்பான், மன்னியுங்கள். யாரிடமும் வாய் திறக்க மாட்டான். நேற்றிலிருந்து பதினேழு தடவை உங்களைக் கூப்பிட்டுவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் எல்லோருடைய மரபணுவும் கணினியில் பதிவாகியிருக்கும். யாராவது கவனக்குறைவாகத் தொட்டாலோ தும்மினாலோ அவர்களுடைய சுவடு மாதிரியில் கலந்துவிடும், அதைப் பிடிப்பதற்காக. நேற்றுக் காலை கடைசிக் குழாய்களின் முடிவுகள் ஒன்றாக வந்தன, கணினி சிவப்பில் காட்டிய 15ஐ முதலில் திறந்தேன். அதில் குரங்கே இல்லை. மனிதர்தான் இருந்தார். பக்கத்தில் என் பெயரைக் காட்டியது.

மேலதிகாரி கூப்பிட்டு ஏசினார். எட்டு வருஷத்தில் முதல் ஏச்சு. கையுறை இல்லாமல் தொட்டிருக்கிறாய், மற்ற மாதிரிகளையும் இனி நம்ப முடியாது என்றார். நானும் என் பிழைதான் என்று நம்பினேன். பிழையை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் கணக்கை ஒழுங்காகப் பார்த்தேன். நானாக இருந்தால் முழுவதும் பொருந்த வேண்டும். இது கால்வாசிதான் பொருந்தியது. கால்வாசி பொருந்துவதற்கு எனக்கு இந்த உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள். அண்ணனின் மகள்.

உடனே 14ஐப் பார்த்தேன். அதுவும் மனுஷிதான். எனக்கு இரத்த உறவு இல்லை. 15ஐப் பெற்றவள்.

மதினி, 14இல் கிருமி இருக்கிறது. நிறைய இருக்கிறது. 15இல் இல்லை.

உங்கள் கொப்பியை எடுத்து மறுபடியும் வாசித்தேன். மெலிவு, கூட்டத்தை விட்டுத் தனியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல குறிப்பு என்று நான் அதற்கு அடியில் கோடு போட்டு வைத்திருந்தேன். பாவி நான். ஜூனில் கெஞ்சிக் கேட்டீர்கள், அப்போதும் புரியவில்லை. வரிசைப்படி பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒரு இருமல் காதில் விழுந்தும் ஏறவில்லை. இது இரண்டாவது.

சிவசாமி உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு போவான். பக்கத்தில் ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆட்கள் பார்ப்பார்கள் என்றால் கண்டிக்குப் போங்கள். மருந்து ஆறு மாதம். இலவசம். குணமாகும். கயிற்றில் இல்லாதது நெஞ்சில் இருக்கலாம், அதனால் ஜெயந்தினிக்கும் எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். தயவுசெய்து போங்கள். என் மேல் இருக்கும் கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு போங்கள், பரவாயில்லை.

என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே மதினி. ஒரு வரி எழுதியிருக்கலாமே.

நிலக்ஷி


கொட்டகலை
4 ஆகஸ்ட் 2024

நிலாவுக்கு,

போய்விட்டு வந்தேன். கண்டிக்குத்தான். மருந்து தொடங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறது, பயந்துவிட்டேன், அப்படித்தான் போகும் என்றார்கள். ஜெயந்தினிக்குப் படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். சிவசாமித் தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

ஏன் கேட்கவில்லை என்கிறாய். கேட்கிறேன், கேட்கிறேன் என்று நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். போன வருஷம் மார்கழியிலேயே எனக்குச் சந்தேகம். அவர் செத்தபோது சோதனைக்கு வரச் சொன்னார்கள், போகவில்லை. போய்விட்டோம் என்று பொய் சொன்னேன். மறுபடியும் அந்தப் பீலியடியை நினைத்தால் கால் வரவில்லை. எனக்கென்ன, நான் பாதி போனவள். அவளுக்கு நாளைக்குப் பரீட்சை, வேலை, கல்யாணம் என்று எத்தனை இருக்கிறது?

உன் கொப்பியைப் பார்த்தேன். எண் இருந்தது, இடம் இருந்தது, ஆணா பெண்ணா இருந்தது. பெயருக்கு மட்டும் இடம் இல்லை. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. குரங்கென்றால் யார் வீட்டுக் குரங்கென்று யாரும் கேட்கப் போவதில்லை. நீ மட்டும் பார்த்துச் சொல்வாய் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், மற்றவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இஸ்தோப்பில் நானும் அவளும் உட்கார்ந்து ஆளுக்கொரு கயிற்றை மென்றோம். அத்தை மனுஷக் கயிறும் ரெண்டு கேட்டிருக்காங்க, குரங்கோட ஒப்பிட்டுப் பார்க்கணுமாம் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. "அம்மா, ஏலக்காய் பத்தல" என்றாள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டேன். உன் பெரிய கணினிக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல மாட்டேன் என்று உன் அண்ணனுக்குச் சத்தியம் செய்திருந்தேன். அவருக்கு நோய் தெரியும். செத்ததற்கு எட்டு மாதம் முன்பே தெரியும். இரண்டு மாதம் மருந்தும் குடித்தார். இருமல் குறைந்ததும் விட்டுவிட்டார். மருந்து குடிப்பதைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வரும் ஆள் யார் என்று லயத்தில் கேட்கத் தொடங்கினார்கள், அதுவும் ஒரு காரணம். நிலாவிடம் சொல்லிவிடலாம், அவளை விட யாருக்குத் தெரியும் என்று நான் எவ்வளவோ சொன்னேன். "அவ படிக்கிறதே இந்த நோயத்தான். அவ அண்ணனுக்கே இதுன்னு தெரிஞ்சா அவ மனசு என்னாகும்? மருந்த விட்டுப்புட்டேன்னு அவகிட்ட நான் எந்த மூஞ்சியோட சொல்லுவேன்?" என்றார். ஜெயந்தினி தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். நீ அரை மணி நேரம் முதுகெலும்புக் கதை சொன்னாயே, அன்றைக்குப் போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "எம்புட்டு விசயம் தெரிஞ்சு வச்சிருக்கா பாத்தியா" என்றார். ஆனந்தமாகத்தான் சொன்னார்.

இதை மறைத்துக்கொண்டு உன்னைக் கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வி பாதி என்னையே கேட்டதுதான். நீ கேட்க நினைத்ததற்கு இதுதான் பதில்.

மதினி


1 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசித்தேன். அண்ணன் என்னிடம் வெட்கப்பட்டிருக்கிறார். நான் படித்த படிப்பே எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றிருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்கு உங்களிடம் வைக்கிறேன்.

மேலதிகாரி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். 14ஐயும் 15ஐயும் ஆய்விலிருந்து எடுத்துவிட்டோம், எந்தத் தாளிலும் அவை இல்லை. உங்கள் மற்றக் குரங்குகள் பதின்மூன்றும் சுத்தம். நம் நோய் இன்னும் அவற்றுக்குப் போகவில்லை. இராமையா கங்காணியும் சுகம்.

பெட்டிக் குரங்கின் முடிவும் வந்துவிட்டது. அது ஊரிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அதே காலத்தில் இந்த நகரத்தில் செத்து, இங்கேயே ஏழைகளுக்கான இடுகாட்டில் புதைக்கப்பட்டவர்களின் எலும்பில் இருக்கும் அதே கிருமிதான் அதன் முதுகிலும் இருக்கிறது. கூண்டுக்கு முன்னால் வந்து நின்ற யாரோ, சோறு போட்டவரோ வேடிக்கை பார்த்தவரோ, கொடுத்தது. அதை ஒரு குற்றமாக எனக்கு எழுத மனம் வரவில்லை. அவ்வளவு பக்கத்தில் ஒரு மனிதர் வந்து நின்றிருக்கிறார், அவ்வளவுதான். தனியாக இருந்த அதற்கு அப்படியாவது ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கும்.

இங்கே இலை உதிரத் தொடங்கிவிட்டது. மருந்தைத் தவறவிடாதீர்கள். நல்லாகிவிட்டது போலத் தோன்றும்போதுதான் கவனம். இது அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

நிலா


மேற்பிரிவு, 7ஆம் லயம், தொங்கல் காம்பரா
கொட்டகலை
12 டிசம்பர் 2024

நிலாவுக்கு,

நான்கரை மாதம் முடிந்துவிட்டது. ஒரு நாளும் விடவில்லை. ஜெயந்தினி நாட்காட்டியில் தினமும் வட்டம் போடுகிறாள். சளியில் இப்போது கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், மிச்ச மருந்தை முடித்தால் போதும். ஆறு கிலோ கூடியிருக்கிறேன். பழைய ரவிக்கை ஒன்றும் ஏறவில்லை.

போன வாரம் ஒன்று நடந்தது. காலையில் நான் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலாயி அக்காவின் குரல் வந்தது. "தனுஜா, இன்னைக்கு மாத்திர போட்டியா?" என்றது. மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் அக்காவே இஸ்தோப்புக்கு வந்து, உள்ளே வராமல், வாசற்படியில் உட்கார்ந்தது. "நீ இருமுனது எனக்குக் கேட்டுச்சுடி. போன வருசம் மார்கழியில இருந்து கேட்டுச்சு. கேட்டுட்டுக் கேக்காத மாதிரி படுத்துக் கெடந்தேன். உன் புருசன் இருமுனப்பவும் அப்படித்தான் கெடந்தேன்" என்றது. அதன் தம்பிக்கும் முன்பு இதே நோய் வந்ததாம், ஊருக்கு ஆஸ்துமா என்று சொல்லி வைத்தார்களாம். இருபது வருஷமாக யாருக்கும் சொல்லவில்லையாம். அன்றைக்குப் பீலியடியில் முதலில் குடத்தை நகர்த்தியது வேலாயி அக்காதான். அதை நான் மறக்கவில்லை, அதுவும் மறக்கவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். குடித்தது. என் கிளாஸில்.

மற்றவர்கள் இன்னும் பழையபடிதான். எல்லாம் மாறிவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நீ பிறகு அனுப்பிய புதுப் பெட்டியும் நிறைந்துவிட்டது, சிவசாமித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். பதினாறிலிருந்து முப்பது வரைக்கும் சத்தியமாகக் குரங்குதான். கொப்பியில் கடைசி வரியைப் பார். அதற்காக நானே அடிமட்டம் வைத்துக் கூடுதலாக ஒரு கோடு போட்டிருக்கிறேன்.

31. டிசம்பர் 11. 7ஆம் லயம், தொங்கல் காம்பரா. பெண். மனுஷி. உடம்பு தேறியிருக்கிறது. பெயர்: தனுஜா கஜேந்திரன்.

கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்தான். இருந்தாலும் நீ ஒரு தடவை பார்த்துச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. ஆனால் கடிதத்தில் எழுதாதே, வந்துசேர ஒரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு. நான் எடுப்பேன். நோயின் பேரைச் சொல்லியே பேசு. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டால் கேட்கட்டும்.

மதினி